லினக்ஸ் பிரிட்ஜில் இரட்டை விலான் டேக்: டேக் இல்லாத ஃபிரேம் போகிறது, விலான் 10 டேக்கோடு வருவது நடுவில் காணாமல் போகிறது

நெட்லேப்_மாணவர் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் லினக்ஸ் நேம்ஸ்பேஸ்களை (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க் சூழல்கள்) மட்டும் வைத்து ஒரு சின்ன மெட்ரோ ஈதர்நெட் லேப் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் பக்கம் சிஇ1, சிஇ2 என்று இரண்டு நேம்ஸ்பேஸ், நடுவில் சேவை தருபவர் பக்கம் பிஇ1, பிஇ2 என்று இரண்டு. வரிசையாக சிஇ1, பிஇ1, பிஇ2, சிஇ2 என்று வீத் (மெய்நிகர் கேபிள்) ஜோடிகளால் இணைத்திருக்கிறேன்.

பிஇ இரண்டிலும் பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்), விலான் ஃபில்டரிங் 1, அதாவது ஃபிரேமில் உள்ள விலான் எண்ணைப் பார்த்துப் பிரிக்கும். வாடிக்கையாளர் பக்கப் போர்ட்டில் விலான் 100, பிவிஐடி (டேக் இல்லாமல் வரும் ஃபிரேமுக்குத் தரும் எண்), அன்டேக்டு (வெளியேறும்போது டேக் கழலும்). பிஇ இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிரங்க் போர்ட்டில் விலான் 100, டேக்டு. நான் எதிர்பார்ப்பது இதுதான்: வாடிக்கையாளர் டேக் போட்டு அனுப்பினாலும் போடாமல் அனுப்பினாலும், அதன் மேல் 100 என்ற வெளி டேக் பிஇ1-இல் ஏறி பிஇ2-இல் இறங்க வேண்டும். வாடிக்கையாளருடைய உள் டேக்கை நடுவில் யாரும் தொடக்கூடாது.

சிஇ1-இலும் சிஇ2-இலும் நேரடி இன்டர்ஃபேஸில் ஐபி கொடுத்தால் பிங் போகிறது, டிரங்கில் பார்த்தால் டேக் 100 இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் விலான் 10 சப்-இன்டர்ஃபேஸ் போட்டு அதில் ஐபி கொடுத்தால் பிங் போவதில்லை. பிஇ1-இன் வாடிக்கையாளர் போர்ட்டில் டிசிபிடம்ப் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) வைத்தால் விலான் 10 டேக்கோடு ஏஆர்பி (ஐபிக்குரிய மேக் முகவரியைத் தேடும்) கேள்வி வருவது தெரிகிறது, டிரங்க் பக்கம் ஒன்றுமே வெளியே போவதில்லை.

சரி, விலான் 10-ஐயும் இரண்டு போர்ட்டிலும் சேர்த்துப் பார்ப்போம் என்று சேர்த்தேன். பிங் வந்துவிட்டது, ஆனால் டிரங்கில் வெறும் 10 மட்டும்தான் போகிறது, 100 ஏறவே இல்லை. இது எனக்கு வேண்டாம், ஏனென்றால் அடுத்து சேர்க்கப்போகும் இரண்டாவது வாடிக்கையாளரும் விலான் 10 வைத்திருப்பார், அவருக்கு வெளி டேக் 200. இரண்டு பேரும் கலந்துவிடக்கூடாது, லேபின் நோக்கமே அதுதான்.

இதற்குப் பிறகு பிஇ2-வில் இன்னொரு டிரங்க் போர்ட் போட்டு, கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகர் இயந்திர வசதி) ஓடும் ஒரு சிஸ்கோ சிஎஸ்ஆர்1000வி ரூட்டரை இணைத்து, இரண்டு டேக்கையும் அங்கே முடிக்க வேண்டும். அதற்கும் ஏதாவது முன்கூட்டியே கவனிக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள்.

---

கோர்_ரூட்டர் பதில்:

உங்கள் போர்ட் அமைப்பு சரிதான். பிரிட்ஜ் எந்த டேக்கைத் தன்னுடைய டேக் என்று நினைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

விலான் டேக் என்பது 4 பைட். அதில் முதல் 2 பைட் டிபிஐடி, இது என்ன வகை டேக் என்று சொல்லும் எண். மீதி 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமை, 1 பிட் டிஇஐ, 12 பிட் விலான் எண். 802.1க்யூ டேக்குக்கு டிபிஐடி 8100, ஹெக்ஸில். 802.1ஏடி வெளி டேக்குக்கு, அதாவது எஸ்-டேக்குக்கு, 88ஏ8. லினக்ஸ் பிரிட்ஜில் நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் விலான் புரோட்டோகால் 802.1க்யூ. அதனால் அந்தப் பிரிட்ஜ் 8100 என்று பார்த்தால் உடனே "இது என் விலான், எண் 10" என்று எடுத்துக்கொள்ளும். பிவிஐடி என்பது டேக் இல்லாமல் வரும் ஃபிரேமுக்கு மட்டும்தான் பொருந்தும். உங்கள் ஃபிரேமில் ஏற்கெனவே டேக் இருக்கிறது, அதன் எண் 10, அந்தப் போர்ட் 10-இல் உறுப்பினர் இல்லை, ஆகவே உள்ளே நுழையும்போதே தூக்கிப் போட்டுவிடுகிறது. 10-ஐச் சேர்த்ததும் ஒற்றை டேக்கோடு போனதற்கும் இதேதான் காரணம்.

பிஇ1, பிஇ2 இரண்டிலும் இந்தக் கட்டளையைக் கொடுங்கள், தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்:

ஐபி லிங்க் செட் பிஆர்0 டைப் பிரிட்ஜ் விலான்_புரோட்டோகால் 802.1ஏடி

இதற்குப் பிறகு பிரிட்ஜுக்கு 88ஏ8 டேக் மட்டும்தான் டேக். 8100 டேக்கோடு வரும் ஃபிரேம் அதன் கண்ணுக்கு டேக் இல்லாத ஃபிரேம், உள் டேக் வெறும் சரக்கு. பிவிஐடி 100 பொருந்தும், மேலே எஸ்-டேக் ஏறும், மறுபக்கம் அன்டேக்டு என்று இருப்பதால் எஸ்-டேக் மட்டும் இறங்கி உள்ளே இருந்த 10 அப்படியே வெளியே வரும். நீங்கள் சோதனைக்குச் சேர்த்த விலான் 10-ஐ எல்லாப் போர்ட்டிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று. பிரிட்ஜில் போர்ட்டைச் சேர்த்த உடனே விலான் 1 தானாக பிவிஐடியாக ஏறியிருக்கும். நீங்கள் 100-ஐ பிவிஐடி ஆக்கியதும் பிவிஐடி என்ற கொடி மட்டும் 100-க்கு மாறும், விலான் 1 உறுப்பினர் உரிமை அப்படியே இருக்கும். "பிரிட்ஜ் விலான் ஷோ" போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் போர்ட், டிரங்க் போர்ட் எதிலும் 1 இருக்கக்கூடாது, நீக்குங்கள். இரண்டாவது வாடிக்கையாளர் வரும்போது இருவருக்கும் பொதுவான ஒரு சந்து திறந்து கிடப்பது இதனால்தான்.

---

பாக்கெட்_பார்வை பதில்:

மேலே சொன்னது சரி. ஃபில்டரிங் இல்லாமலேயே இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு லேபில் இதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவார்.

டிரங்க் வீத்தின் மேல் ஒரு விலான் சப்-இன்டர்ஃபேஸ் உருவாக்குங்கள், எண் 100, புரோட்டோகால் 802.1ஏடி. பிறகு விலான் ஃபில்டரிங் 0 உள்ள ஒரு சாதாரண பிரிட்ஜில் அந்தச் சப்-இன்டர்ஃபேஸையும் வாடிக்கையாளர் போர்ட்டையும் போடுங்கள். ஃபில்டரிங் இல்லாத பிரிட்ஜ் டேக்கைத் திறந்து பார்ப்பதே இல்லை, வந்ததை வந்தபடி தள்ளும். சப்-இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே போகும்போது 100 மேலே ஏறும், உள்ளே வரும்போது இறங்கும். இரண்டாவது வாடிக்கையாளருக்கு 200 என்று இன்னொரு சப்-இன்டர்ஃபேஸ், இன்னொரு பிரிட்ஜ். மேக் அட்டவணையும் வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தனியாக இருக்கும்.

இந்த வழியில் வெளி டேக்கும் 8100 ஆக இருக்கலாம், புரோட்டோகாலை 802.1க்யூ என்று வைத்தால் போதும், 8100-க்கு மேல் 8100 ஏற்றுவதை லினக்ஸ் தடுப்பதில்லை. ஃபில்டரிங் பிரிட்ஜால் இது முடியாது. சிஎஸ்ஆர் இணைக்கும்போது இது உங்களுக்குத் தேவைப்படலாம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் நூறு பேர் என்றால் நூறு பிரிட்ஜ் ஆகிவிடும், அப்போது ஃபில்டரிங் முறைதான் சரி. இரண்டு மூன்று பேர் உள்ள லேபுக்கு இது தெளிவாக இருக்கும்.

---

நெட்லேப்_மாணவர்:

மிக்க நன்றி இருவருக்கும். புரோட்டோகாலை 802.1ஏடி ஆக்கிய உடனே பிங் வந்துவிட்டது. விலான் 1-ஐயும் எல்லா இடத்திலும் நீக்கிவிட்டேன். இரண்டாவது வாடிக்கையாளரை 200-இல் சேர்த்து, உள்ளே அதே விலான் 10, அதே ஐபி வரம்பு கொடுத்தும் பார்த்தேன், ஒருவர் ஃபிரேம் இன்னொருவருக்குப் போகவில்லை.

டிரங்கில் டிசிபிடம்பை ஈ ஆப்ஷனோடு ஓட்டினால் ஒவ்வொரு வரியிலும் முதலில் 88ஏ8, விலான் 100, அதற்கடுத்து 8100, விலான் 10, பிறகு ஐபிவி4 என்று வரிசையாகக் காட்டுகிறது. ஆனால் "ஐசிஎம்பி" என்று ஃபில்டர் கொடுத்தால் எதையும் காட்டுவதில்லை, ஃபில்டரை எடுத்தால் பிங் ஓடுவது தெரிகிறது. இது ஏன்?

அடுத்து சிஎஸ்ஆர். சப்-இன்டர்ஃபேஸில் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 100 செகண்ட்-டாட்1க்யூ 10 என்று கொடுத்து ஐபி போட்டிருக்கிறேன். கேவிஎம் டாப் இன்டர்ஃபேஸ் (விஎம்மின் அட்டைக்கு லினக்ஸ் பக்கம் உள்ள முனை) வரை இரட்டை டேக்கோடு ஏஆர்பி போகிறது, ரூட்டரிடமிருந்து பதிலே இல்லை. சிஎஸ்ஆரிலிருந்து பிங் செய்தால் அதன் ஏஆர்பி டாப்பில் தெரிகிறது, பிஇ2 தாண்டிப் போகவில்லை.

---

பாக்கெட்_பார்வை பதில்:

ஃபில்டர் விஷயம் முதலில். டிசிபிடம்பில் "ஐசிஎம்பி" என்று மட்டும் எழுதினால், ஈதர்நெட் தலைப்பில் வகை எண் இருக்கும் அந்த ஒரே இடத்தில் ஐபிவி4 இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் ஃபிரேமில் அந்த இடத்தில் டேக் உட்கார்ந்திருக்கிறது. "விலான் அண்ட் விலான் அண்ட் ஐசிஎம்பி" என்று எழுதுங்கள். ஒவ்வொரு "விலான்" சொல்லுக்கும் பார்க்கும் இடம் 4 பைட் தள்ளிப்போகும், அதனால் வரிசை முக்கியம். எண் வேண்டுமென்றால் "விலான் 100 அண்ட் விலான் 10". சந்தேகம் வந்தால் ஃபில்டரே இல்லாமல் கோப்பில் எழுதிவிட்டு வயர்ஷார்க்கில் திறப்பதுதான் பாதுகாப்பு.

இதில் இன்னொரு நுணுக்கமும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் வெளி டேக் பல நேரம் ஃபிரேமுக்குள் இருப்பதில்லை, பிணைய அட்டையோ கர்னலோ அதைக் கழற்றித் தனிக் குறிப்பாகப் பக்கத்தில் வைத்திருக்கும், டிசிபிடம்ப் அதைத் திரும்பச் செருகித்தான் உங்களுக்குக் காட்டுகிறது. ரொம்பப் பழைய கர்னல்களில் அந்தக் குறிப்பில் டிபிஐடி கிடையாது, அதனால் உண்மையில் 88ஏ8 ஆக இருந்தாலும் 8100 என்றே காட்டும். இப்போதைய கர்னலில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பழைய இமேஜ் ஒன்றைக் கிளையன்டாக லேபில் போட்டு அதற்குள்ளேயே கேப்சர் எடுத்தால் குழப்பிவிடும். சந்தேகம் இருந்தால் எத்டூலில் (அட்டையின் அமைப்புகளை மாற்றும் கருவி) ஆர்எக்ஸ்விலான், டிஎக்ஸ்விலான் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.

இனி சிஎஸ்ஆர். ரூட்டரிலிருந்து வரும் ஏஆர்பியை டாப்பில் பார்த்தீர்களே, அதில் வெளி டேக்கின் டிபிஐடி என்ன என்று பாருங்கள். 8100 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரூட்டரின் இயங்குதளம்) செகண்ட்-டாட்1க்யூ கொடுத்தாலும் வெளி டேக் 8100 தான், நீங்களாக மாற்றும்வரை. உங்கள் பிஇ2 88ஏ8-ஐ மட்டும்தான் டேக் என்று ஏற்கும், ரூட்டர் 88ஏ8 உள்ள ஃபிரேமைப் பார்த்தால் எந்தச் சப்-இன்டர்ஃபேஸுக்கும் பொருந்தவில்லை என்று விட்டுவிடும். எண்கள் இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தாலும் பேச்சு நடக்காது, பிழைச் செய்தியும் வராது.

ரூட்டரின் தாய் இன்டர்ஃபேஸில், சப்-இன்டர்ஃபேஸில் அல்ல, டாட்1க்யூ டன்னலிங் ஈதர்டைப் 0எக்ஸ்88ஏ8 என்று கொடுங்கள். அந்த இன்டர்ஃபேஸின் இரட்டை டேக் சப்-இன்டர்ஃபேஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ரூட்டரைத் தொடக்கூடாது என்றால் நான் முன்பு சொன்ன சாதாரண பிரிட்ஜ் முறையில் வெளி டேக்கை 802.1க்யூ ஆக வையுங்கள்.

---

மெட்ரோ_ஈதர் பதில்:

வேறு ரூட்டர் வைத்து இதே லேபைக் கட்டுபவர்களுக்காக, டிபிஐடியை எங்கே பார்க்க வேண்டும் என்று சேர்த்துவிடுகிறேன். வயோஸில் விஃப்-எஸ் என்று போட்டால் வெளி டேக் 88ஏ8, அதற்குள் விஃப்-சி. மைக்ரோடிக் சிஎச்ஆரில் விலான் இன்டர்ஃபேஸில் யூஸ்-சர்வீஸ்-டேக் என்பதை எஸ் ஆக்கினால்தான் 88ஏ8, இல்லாவிட்டால் 8100. ஜூனிபரில் ஃப்ளெக்ஸிபிள்-விலான்-டேகிங் போட்டு, விலான்-டேக்ஸ் அவுட்டர் என்ற இடத்தில் 0எக்ஸ்88ஏ8.100 என்று டிபிஐடியையும் சேர்த்தே எழுதலாம், வெறும் 100 என்றால் 8100. ஜிஎன்எஸ்3-உடன் வரும் ஈதர்நெட் சுவிட்சில் போர்ட் வகை க்யூஇன்க்யூ (இரட்டை டேக்) என்று தேர்ந்தெடுத்தால் பக்கத்திலேயே ஈதர்டைப் பெட்டி இருக்கும், 8100, 88ஏ8, 9100, 9200 நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 9100-உம் 9200-உம் 802.1ஏடி தரம் வருவதற்கு முன்பு தயாரிப்பாளர்கள் அவரவர் போக்கில் வைத்துக்கொண்ட எண்கள், பழைய சாதனங்களோடு பேச வேண்டியிருப்பதால் இன்னும் பட்டியலில் இருக்கின்றன.

நேம்ஸ்பேஸ் லேப் கட்டுகிறீர்கள் என்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. சுவிட்ச் இமேஜ் ஒன்றை இறக்கி நான்கு வரி கட்டளை அடித்துப் பழகுவதைவிட, டேக் எந்த இடத்தில் ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று இப்படிக் கையால் கட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் பின்னால் உண்மையான நெட்வொர்க்கில் கோளாறு வரும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். வர்ச்சுவல் சுவிட்ச் இமேஜில் கட்டளை ஏற்றுக்கொள்ளப்படுவதும், ஃபிரேம் உண்மையில் அப்படிப் போவதும் வேறு வேறு விஷயங்கள். கேப்சர் எடுக்காமல் எதையும் நம்பாதீர்கள்.

---

நெட்லேப்_மாணவர்:

ஆமாம், சிஎஸ்ஆரின் ஏஆர்பியில் வெளியே 8100 தான் இருந்தது. தாய் இன்டர்ஃபேஸில் ஈதர்டைப்பை மாற்றியதும் சிஇ1-இன் விலான் 10-லிருந்து ரூட்டருக்குப் பிங் போகிறது.

இப்போது வேறு ஒன்று. ரூட்டருக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் விஎம் வைத்திருக்கிறேன். பிங் நன்றாகப் போகிறது. எஸ்எஸ்எச் செய்தால் இணைப்பு தொடங்கி நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது, பெரிய கோப்பு எதுவும் இறங்குவதில்லை. சிஇ1-க்கும் சிஇ2-க்கும் நடுவில் இதே இரட்டை டேக்கில் ஐபெர்ஃப் ஓட்டினால் எந்தத் தடையும் இல்லை. எம்டியுவாக (இணைப்பில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட் அளவு) இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் ஒரு பாதையில் மட்டும் ஏன் என்று புரியவில்லை.

---

கோர்_ரூட்டர் பதில்:

எம்டியு தான். ஒரு பாதையில் மட்டும் வருவதற்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கணக்கு முதலில். 1500 பைட் ஐபி பாக்கெட், அதற்கு 14 பைட் ஈதர்நெட் தலைப்பு, கடைசியில் 4 பைட் எஃப்சிஎஸ் (பிழை சரிபார்க்கும் எண்), மொத்தம் 1518. ஒரு டேக் ஏறினால் 1522. இரண்டு ஏறினால் 1526. ஒற்றை டேக் உள்ள 1522 வரை அனுமதிப்பது எல்லோரும் செய்வது, லினக்ஸ் பிரிட்ஜும் ஒரு டேக்குக்கான 4 பைட்டைக் கணக்கில் விட்டுத்தான் நீளத்தைப் பார்க்கும். இரண்டாவது 4 பைட்டுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நிஜ சுவிட்சிலும் இதே கதைதான், கேட்டலிஸ்ட் 3560, 3750 வகையில் டன்னல் போர்ட் போடுபவர்கள் சிஸ்டம் எம்டியுவை 1504 ஆக்க வேண்டும் என்று சிஸ்கோ கையேடே சொல்கிறது.

இது லேயர் 2-இல் நடக்கும் வெட்டு என்பதுதான் தொல்லை. ரூட்டர் ஒன்று பெரிய பாக்கெட்டைத் தள்ளினால் "துண்டாக்க வேண்டும்" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும், அனுப்பியவர் அளவைக் குறைத்துக்கொள்வார். பிரிட்ஜுக்கு ஐபி தெரியாது, சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். சின்ன பாக்கெட் எல்லாம் போகும், எஸ்எஸ்எச் சாவி பரிமாற்றத்தில் முதல் பெரிய பாக்கெட் வந்ததும் நிற்கும்.

உறுதி செய்ய, சிஇ1-லிருந்து டிஎஃப் (துண்டாக்காதே) பிட் போட்டு 1472 அளவில் பிங் செய்யுங்கள். 1472-உடன் ஐசிஎம்பி 8, ஐபி 20 சேர்ந்தால் 1500. அது போகாமல் 1468 போனால் சரியாக 4 பைட் குறைகிறது, இரண்டாவது டேக்குக்கு இடமில்லை என்று அர்த்தம். 1468-உம் போகவில்லை என்றால் வேறு எங்கோ கோளாறு.

இனி சிஇ1–சிஇ2 பாதையில் ஏன் வரவில்லை. வீத் வழியாகப் போகும்போது டிசிபி தரவு 1500 துண்டுகளாக வெட்டப்படுவதே இல்லை, டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (வெட்டும் வேலையைக் கடைசிவரை தள்ளிப்போடும் வசதிகள்) இருப்பதால் 64 கிலோபைட் வரை ஒரே பெரிய கட்டியாகக் கர்னலுக்குள்ளேயே நேம்ஸ்பேஸ் விட்டு நேம்ஸ்பேஸ் கைமாறும். அப்படிப்பட்ட கட்டிக்குப் பிரிட்ஜ் நீளம் பார்ப்பதில்லை, பின்னால் வெட்டுவார்கள் என்று விட்டுவிடும். கூடவே, வெளி டேக் தனிக் குறிப்பாக இருக்கிறது என்று மேலே நண்பர் சொன்னாரே, அதனால் அந்த 4 பைட் நீளக் கணக்கில் வருவதே இல்லை. ஆக நேம்ஸ்பேஸ் மட்டும் உள்ள லேபில் எம்டியு சோதனை பாஸ் ஆனால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. விஎம்மோ நிஜ அட்டையோ நடுவில் வந்து ஃபிரேம் உண்மையான வடிவம் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். லேபை நிஜத்துக்கு நெருக்கமாக வைக்க வேண்டுமென்றால் எல்லா வீத்திலும் எத்டூலில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் ஆஃப் செய்துவிடுங்கள். வேகம் குறையும், பரவாயில்லை.

தீர்வு: சேவை தருபவர் பக்கம் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும், இரண்டு முனையிலும், எம்டியுவை 1504-க்குக் குறையாமல் வையுங்கள். நான் 1600 அல்லது 9000 என்று வைத்துவிடுவேன், நாளைக்கு எம்பிஎல்எஸ் சேர்த்தாலும் திரும்பத் தொட வேண்டியதில்லை. வீத், டாப், பிரிட்ஜ் எல்லாவற்றிலும். பிரிட்ஜின் எம்டியுவை நீங்கள் கையால் வைக்காவிட்டால் அது தன் போர்ட்களில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளும், ஒரே ஒரு டாப் 1500-இல் இருந்தாலும் மொத்தமும் இறங்கிவிடும். ரூட்டர் ஓடும் விஎம்மின் அட்டைக்கும் பெரிய ஃபிரேம் அனுமதி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பக்க ஐபி எம்டியு 1500 என்றே இருக்கட்டும், அதைக் குறைக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும். நடுவில் உங்கள் கையில் இல்லாத இணைப்பு ஒன்று 1500-இலேயே நிற்கிறது என்றால் மட்டும், வேறு வழியில்லாமல் உள்ளே 1496 ஆக்குங்கள். பிராக்ஸ்மாக்ஸ் எஸ்டிஎன்னில் க்யூஇன்க்யூ ஸோன் போடுபவர்களுக்கு அதன் ஆவணம் சொல்லும் எண்ணும் இதே 1496 தான்.

---

மெட்ரோ_ஈதர் பதில்:

எம்டியு முடிந்ததும் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள், பெரும்பாலான லேப்கள் பிங் வந்ததும் நின்றுவிடுகின்றன, அதனால் சொல்கிறேன்.

ஒன்று, வாடிக்கையாளருடைய கட்டுப்பாட்டு ஃபிரேம்கள். வாடிக்கையாளர் தன் இரண்டு கிளைகளுக்கும் நடுவில் எஸ்டிபி (நெட்வொர்க்கில் வளையம் வராமல் தடுக்கும் நெறிமுறை) ஓட்டுவார். சாதாரண பிரிட்ஜின் எஸ்டிபி முகவரி கடைசி பைட் 00, அதாவது 01:80:சி2:00:00:00. சேவை தருபவர் பிரிட்ஜுக்கு 802.1ஏடி தனியாகக் கடைசி பைட் 08 என்ற முகவரியைக் கொடுத்திருக்கிறது, இரண்டு பேர் எஸ்டிபியும் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்பதற்காக. லினக்ஸ் பிரிட்ஜில் விலான் புரோட்டோகாலை 802.1ஏடி ஆக்கியதுமே இந்த முகவரி மாற்றம் தானாக நடந்துவிடும், வாடிக்கையாளரின் 00 முகவரி ஃபிரேம்கள் உள்ளே விழுங்கப்படாமல் எஸ்-டேக்கோடு மறுபக்கம் போகும். எல்எல்டிபி (பக்கத்துச் சாதனத்தை அறியும் நெறிமுறை) மட்டும் அப்படிப் போகாது, அது கடைசி பைட் 0இ. அதையும் கடத்த வேண்டுமென்றால் குரூப்_ஃபார்வர்டு_மாஸ்க் என்பதில் 16384 கொடுக்க வேண்டும், ஹெக்ஸில் 4000. வாடிக்கையாளர் எல்ஏசிபி (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் நெறிமுறை) ஓட்டினால் பிரிட்ஜ் அளவில் அந்த பிட்டை வைக்கக் கர்னல் விடாது, போர்ட் அளவில் வைக்கலாம்.

இரண்டாவது, நேட்டிவ் விலான், அதாவது டிரங்கில் டேக் இல்லாமல் போகும் விலான். நிஜ சுவிட்ச் ஒன்றையோ சுவிட்ச் இமேஜையோ நடுவில் போடும் நாளில் இது கடிக்கும். வெளி டேக் எண்ணும் டிரங்கின் நேட்டிவ் விலான் எண்ணும் ஒன்றாக இருந்தால், டிரங்கில் வெளியேறும்போது வெளி டேக் போடப்படாது. ஃபிரேம் உள் டேக்கோடு மட்டும் அடுத்த சுவிட்சுக்குப் போகும், வெளியேயும் 8100 பயன்படுத்தும் நெட்வொர்க் என்றால் அந்த சுவிட்ச் அதை விலான் 10 என்று படிக்கும். ஒரு வாடிக்கையாளரின் போக்குவரத்து சம்பந்தமே இல்லாத விலானில் போய் விழும். விலான் ஹாப்பிங் என்று பாதுகாப்புப் பாடத்தில் சொல்லும் இரட்டை டேக் தாக்குதலும் இதே ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறது. சிஸ்கோவில் விலான் டாட்1க்யூ டேக் நேட்டிவ் என்று கொடுத்தால் நேட்டிவுக்கும் டேக் போடும். அல்லது வாடிக்கையாளருக்கு ஒருபோதும் தராத ஒரு எண்ணை நேட்டிவ் ஆக்கிவிடுங்கள். உங்கள் லேபில் இதைச் செய்து பார்ப்பது சுலபம், பிஇ1-இன் டிரங்க் போர்ட்டில் 100-ஐ அன்டேக்டு ஆக்கிவிட்டு பிஇ2 பக்கம் கேப்சர் எடுங்கள், எஸ்-டேக் இல்லாமல் வெறும் 10 வருவதைப் பார்க்கலாம்.

மேக் அட்டவணையையும் பாருங்கள். 802.1ஏடி பிரிட்ஜ் எஸ்-விலான் ஒன்றுக்கு ஒரு அட்டவணைதான் வைக்கும், உள்ளே 10, 20, 30 என்று எத்தனை இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரே மேக் முகவரி விலான் 10-இல் ஒரு கிளையிலும் விலான் 20-இல் இன்னொரு கிளையிலும் தெரிந்தால், உதாரணத்துக்கு இரண்டு விலானை ஒட்டவைக்கும் டிரான்ஸ்பரன்ட் ஃபயர்வால் நடுவில் இருந்தால், பிஇ-இல் அந்த மேக் இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும்.

---

நெட்லேப்_மாணவர்:

1472 போகவில்லை, 1468 போனது. டாப் இரண்டு 1500-இல் இருந்தன, எல்லாவற்றையும் 1600 ஆக்கியதும் எஸ்எஸ்எச், கோப்பு எல்லாம் வருகிறது. டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓவையும் அணைத்துவிட்டேன். நேட்டிவ் சோதனையை இன்று இரவு செய்து பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. கல்லூரி லேபில் ஓப்பன் விஸ்விட்ச் ஏற்கெனவே நிறுவியிருக்கிறார்கள், லினக்ஸ் பிரிட்ஜை அங்கே பயன்படுத்த முடியாது. அதிலும் இதே அமைப்பு வருமா?

---

பாக்கெட்_பார்வை பதில்:

வரும், 2.8-க்குக் குறையாத பதிப்பாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் போர்ட்டில் விலான்_மோட் என்பதை டாட்1க்யூ-டன்னல் ஆக்கி, டேக் 100 கொடுங்கள். சிவிலான்ஸ் என்ற இடத்தில் 10, 20 என்று எழுதினால் அந்த உள் டேக்குகளை மட்டும் ஏற்கும், காலியாக விட்டால் எல்லாவற்றையும் ஏற்கும். வெளி டேக்கின் டிபிஐடி அதே போர்ட்டின் அதர்_கான்ஃபிக்கில் க்யூஇன்க்யூ-எத்டைப், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 802.1ஏடி.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் விலான்-லிமிட். அது போர்ட்டில் இல்லை, ஓப்பன்_விஸ்விட்ச் என்ற மேல் அட்டவணையின் அதர்_கான்ஃபிக்கில் இருக்கிறது, பழைய அமைப்புகள் உடையக்கூடாது என்பதற்காக 1 என்றே வைத்திருக்கிறார்கள். 1 ஆக இருக்கும்வரை ஒரு டேக்கைத்தான் டேக் என்று பார்க்கும், இரண்டாவது அதற்கு வெறும் சரக்கு, அதனால் உள் டேக்கை வைத்து எழுதிய விதி எதுவும் பொருந்தாது. 2 அல்லது 0 ஆக்குங்கள், 0 என்றால் முடிந்த அளவு. மாற்றியபின் வாடிக்கையாளர் போர்ட், டிரங்க் போர்ட் இரண்டிலும் ஒரே நேரத்தில் கேப்சர் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எம்டியு கணக்கு அங்கேயும் இதேதான்.